மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு யார் படி அளப்பது?

மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்தில் வன இலாகா செக்போஸ்ட் இருக்கிறது. அரிசி மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு ஒரு கிழவி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்து அவள் கேட்கிறாள்:

“ஏ தம்பி, மேல போற வண்டி போயிட்டா?”

“இல்ல ஆச்சி. இன்னும் வரல.”

மணிமுத்தாற்றில் இந்தப் பேச்சு தலைமுறை தலைமுறையாகக் கேட்கிற பேச்சு. “மேலே” என்றால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. எல்லாம் தேயிலைத் தோட்டத்து ஊர்கள். அங்கிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றாலும், நெஞ்சுவலிக்காரர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாலும் இந்த மலைப்பாதையில்தான் இறங்கவேண்டும். கார் வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு பஸ்தான் கதி.

ஆச்சி காத்திருப்பது ஒரே ஒரு பஸ்ஸுக்கு. ஆனால் அந்த ஒரு பஸ் வருவதற்கு எத்தனை ஆபீசுகள் மனம் வைக்க வேண்டும், எத்தனை பைகளிலிருந்து பணம் வரவேண்டும் என்று கணக்குப் பார்த்தால் தலை சுற்றும்!

ஒரு பஸ், பல எஜமானர்கள்

பஸ் யாருடையது? அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திருநெல்வேலிப் பிரிவுடையது. டிரைவர், கண்டக்டர் சம்பளம், டீசல், டயர் எல்லாம் அந்தக் கழகத்தின் செலவு.

பஸ் ஓடுகிற காடு யாருடையது? வன இலாகாவுடையது. களக்காடு, முண்டந்துறை ஆகிய இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988-ம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. அந்தக் காட்டுக்குள் பாதையை அகலப்படுத்துவதென்றால் வன இலாகா சம்மதிக்க வேண்டும். செக்போஸ்டின் சாவியும் அந்த இலாகாவிடம்தான் இருக்கிறது.

பஸ் நிற்கிற பஸ் நிலையம் யாருடையது? அந்தந்த ஊர்ப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியினுடையது. பஸ் உள்ளே நுழைந்தால் கட்டணம் உண்டு. பஸ் நிலையத்துக் கடைகளின் வாடகையும் அவர்களுக்குத்தான்.

கல்லிடைக்குறிச்சியில் ரெயில் நிலையம் இருக்கிறது. அதன் பணம் டெல்லியிலிருந்து வருகிறது. ரெயில்வேக்கும் மலை பஸ்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இத்தனை பேரும் மக்களுக்காகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவர் பணமும் தனித்தனிப் பையில் இருக்கிறது. ஒரு பையிலிருக்கும் பணத்தை எடுத்து இன்னொரு பையில் போட முடியாது. சட்டம் அப்படி!

எட்டுப் பிள்ளைகள், ஒரே பானை

போக்குவரத்துக் கழகத்தின் கதையே ஒரு கூட்டுக்குடும்பத்துக் கதை போன்றது.

1974-ம் ஆண்டில் நெல்லைக்குக் கட்டபொம்மன் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1983-ல் நாகர்கோவில் பக்கம் நேசமணி பெயரில் தனிக் கழகமாகப் பிரிந்தது. 1997-ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. பஸ்ஸுக்கு வைத்த பெயருக்காக உயிர்கள் போயின. அதன்பின் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர் எடுக்கப்பட்டது. கொஞ்ச காலம் நெல்லை மதுரையோடு சேர்ந்திருந்தது. 2010-ல் மறுபடியும் தனிக்குடித்தனம் வந்தது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு இப்போது திருநெல்வேலிக் கழகம்தான் பஸ் விடுகிறது.

இப்படிப் பிரிந்தும் சேர்ந்தும் இன்று தமிழ்நாட்டில் எட்டுக் கழகங்கள் இருக்கின்றன. சென்னை மாநகர பஸ்ஸுக்கு ஒன்று. தொலைதூர பஸ்ஸுக்கு ஒன்று. விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, நெல்லை என்று மற்ற ஆறு. எட்டும் கையேந்துவது ஒரே கஜானாவிடம்.

டிக்கெட் விற்ற காசு போதாதா என்று கேட்கலாம். போதாது. பஸ் கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்தில் கொஞ்சம் குறைக்கப்பட்டது. வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று அப்போது வைத்தார்கள். அந்தச் சமயம் டீசல் லிட்டர் 70 ரூபாய்க்கும் கீழே. 2022-க்குப் பிறகு 90 ரூபாயைத் தாண்டி நின்றது. ஏழை ஜனங்கள் ஏறுகிற பஸ். கட்டணத்தை ஏற்ற எந்த அரசாங்கமும் யோசிக்கத்தான் செய்யும். ஆகவே பள்ளத்தை நிரப்ப அரசாங்கம் பணம் தரவேண்டியிருக்கிறது. அதற்குத்தான் மானியம் என்று பெயர்.

2025 மார்ச் மாதத்தில் நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு படித்த பட்ஜெட்டைப் பார்க்கலாம். பெண்களின் இலவசப் பயணத்துக்கு 3,600 கோடி ரூபாய். மாணவர்களின் பஸ் பாஸுக்கு 1,782 கோடி. டீசல் மானியம் 1,857 கோடி. மூன்றையும் கூட்டினால் 7,239 கோடி ரூபாய்!

பெரிய பானைதான். ஆனால் பந்தி அதைவிடப் பெரிது. எட்டுக் கழகங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 ஆயிரம் பஸ்கள் இருக்கின்றன. 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் துண்டை அரசாங்கமே பட்ஜெட்டில் ஏற்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சப்படி பாக்கி இன்னொன்று. முப்பது வருஷம் பஸ் ஓட்டி இறங்கிய டிரைவரின் பாக்கியும், மலைக்கு ஓடவேண்டிய பஸ்ஸின் டீசலும் ஒரே பானையிலிருந்துதான் வரவேண்டும். அது போட்டி இல்லாமல் வேறென்ன?

கடைசி இலைக்கு ரசம்

பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்கு வடை, அப்பளம் எல்லாம் கிடைக்கும். கடைசி இலைக்கு வரும்போது ரசம்தான் மிஞ்சும்.

அதே 2025 பட்ஜெட்டில் 1,125 மின்சார பஸ்கள் வாங்க 697 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பங்கு எப்படி? சென்னைக்கு 950. மதுரைக்கு 100. கோவைக்கு 75. கணக்கு அதோடு முடிந்துவிட்டது. நெல்லையின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

அதிகாரிகள் சொல்லும் காரணத்தையும் கேட்கத்தான் வேண்டும். பெரிய நகரத்தில் புகை அதிகம், ஜனம் அதிகம். மின்சார பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி வேண்டும். ஒரு ரூபாய் போட்டால் அதிகம் பேருக்குப் பயன்படும் இடத்தில் போடுவதுதானே முறை? நியாயமான பேச்சுதான். ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு குணம் உண்டு. எங்கே ஜனம் குறைவோ அங்கே அது எப்போதும் “அடுத்த வருஷம்” என்றுதான் சொல்லும்.

பெரிய நகரங்களுக்கே இந்த அடி விழுகிறது. சென்னை மெட்ரோ ரெயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. கோவையும் மதுரையும் தங்களுக்கும் மெட்ரோ வேண்டும் என்றன. 2025 நவம்பரில் திட்டம் திரும்பி வந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி 20 லட்சம் பேர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சென்னைக்கு முன்னால் கோவை சின்ன ஊர். கோவைக்கு முன்னால் நெல்லை சின்ன ஊர். அதே 2011 கணக்கில் நெல்லை மாநகராட்சியின் ஜனத்தொகை ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. நெல்லைக்கு முன்னால் மணிமுத்தாறு எம்மாத்திரம்? மணிமுத்தாற்றுக்கும் மேலே இருக்கிற மாஞ்சோலை எம்மாத்திரம்?

பெண்களின் இலவசப் பயணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 2021 மே 8-ம் தேதி அது நடப்புக்கு வந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசை அரசாங்கம் கழகத்துக்குக் கொடுக்கும். லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மாதாமாதம் மிச்சம். ஆனால் திட்டம் டவுன் பஸ்ஸை மனதில் வைத்துப் போட்டது. மலைகள் பின்னால்தான் ஞாபகத்துக்கு வந்தன. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக அறிவித்தபோது பெயர் சொல்லப்பட்ட மலைகள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. மாஞ்சோலை அந்த மூன்றில் இல்லை.

டீசலுக்குக் கட்டுமா?

கழகத்து அதிகாரியின் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் அவர் கஷ்டமும் புரியும்.

கணக்குக்காக 50 கிலோமீட்டர் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 58 பைசா என்றால் ஓர் ஆளுக்கு 29 ரூபாய். பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் 10 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 920 ரூபாய். அந்த டீசல் காசு வருவதற்கு மட்டும் 32 பேர் கடைசி வரை டிக்கெட் எடுக்கவேண்டும். டிரைவர் சம்பளம் இதில் இல்லை. டயர் இல்லை. பிரேக் கட்டை இல்லை.

இது சமதளத்துக் கணக்கு. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முக்கி முனகி ஏறுகிற பஸ் குடிக்கிற டீசல் இதைவிட அதிகம். மலைக்குக் கூடுதல் கட்டணம் வைத்தாலும் ஆள் வேண்டுமே! ஏறுவது பத்துப் பேர், பதினைந்து பேர் என்றால் ஒவ்வொரு நடையும் நஷ்டம்.

அதிகாரி என்ன செய்வார்? மேலிடத்தில் “நஷ்டத்தைக் குறை” என்கிறார்கள். நஷ்டமான நடையை நிறுத்துவது சுலபமான வழி. ஒரு நடையை நிறுத்தினால் அவர் காகிதத்தில் ஒரு தொகை மிச்சமாகும். ஆச்சிக்கு ஒரு நாள் போய்விடும். ஆச்சியின் நாளை எழுத அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லை.

தனியார் மினி பஸ் வரட்டுமே என்று சிலர் சொல்வார்கள். 2025 ஜூன் மாதத்தில் புதிய மினி பஸ் திட்டம் வந்தது. பாதை 25 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். அதில் நூற்றுக்கு 65 பங்காவது பஸ் போகாத இடமாக இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். கிராமங்களுக்கு நல்ல திட்டம். ஆனால் சொந்தக் காசைப் போட்டு வண்டி வாங்குகிறவர் லாபம் பார்த்துத்தான் ஓட்டுவார். யானை குறுக்கே வருகிற மலைப்பாதைக்கு அவரைக் கட்டி இழுக்க முடியாது.

கட்டிடத்துக்கு உண்டு, ஓட்டத்துக்கு இல்லை

நெல்லைக்குப் பணமே வரவில்லையா? வந்தது.

2017-ல் திருநெல்வேலி ‘ஸ்மார்ட் சிட்டி’ ஆகத் தேர்வு பெற்றது. மத்திய அரசாங்கத்தின் பங்கு 500 கோடி வரை. மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து அதே அளவு போடவேண்டும். அந்தத் திட்டத்தில் ஜங்ஷன் பெரியார் பஸ் நிலையத்தை 2018-ல் இடித்தார்கள். புதிய நிலையம் திறந்தது 2024-ல்! நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஜனங்கள் ரோட்டோரம் வெயிலிலும் மழையிலும் நின்று பஸ் ஏறினார்கள். 2023 டிசம்பரில் பெருமழை வந்தபோது ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது.

இப்போது கட்டிடம் பளபளவென்று இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் கட்டுவதற்கு என்று வந்த பணம். மாநகராட்சியின் கைக்கு வந்த பணம். அதில் ஒரு பைசாவை எடுத்து ஒரு லிட்டர் டீசல் போட முடியாது. பஸ் நிலையம் கட்டியவருக்கு பஸ் ஓட்டும் பொறுப்பு இல்லை. பஸ் ஓட்டுகிறவர் நிலையத்துக்குள் நுழையக் கட்டணம் கொடுக்கவேண்டும்.

கட்டிடம் கட்டினால் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு, பெயர் நிற்கும். ஓடுகிற பஸ்ஸைத் தொடர்ந்து ஓட்டினால் யார் கல்வெட்டு வைப்பார்கள்? எல்லா நாட்டிலும் உள்ள பலவீனம் இது. நெல்லையை மட்டும் குறை சொல்ல முடியாது.

மலையில் ஆள் குறைந்தால்...

மாஞ்சோலைக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,370 ஏக்கர் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. 2028-ல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூன் மாதத்தில், கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் என்று சொல்லி வேலையை நிறுத்தியது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நான்கு, ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் அவை. அரசாங்கத்தின் டான்டீ நிறுவனம் தோட்டத்தை எடுத்து நடத்தவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2024 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை அதற்கு உத்தரவிட மறுத்தது.

சில குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. சில குடும்பங்கள் மேலேயே தங்கின. ஆள் குறையக் குறைய பஸ்ஸில் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் நடையை வெட்டலாம் என்று ஆபீசில் பேச்சு எழும். நடையை வெட்டினால் மேலே தங்கியிருப்பவர்கள் எப்படி வாழ்வார்கள்? அவர்களும் இறங்குவார்கள். பிறகு, “பார்த்தீர்களா, ஆளே இல்லை” என்று ஃபைலை மூடிவிடலாம்.

புலிக் காட்டில் மனிதர்கள் குறைவது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. காடு காக்கப்படவேண்டும். தாமிரபரணிக்குத் தண்ணீர் தருவதே அந்த மலைதான். ஆனால் குடியிருப்போரை இறக்குவது என்றால் அதை வெளிச்சத்தில் பேசி, மாற்று வீடும் பிழைப்பும் கொடுத்துச் செய்யவேண்டும். பஸ்ஸை நிறுத்தி, ஆளைத் தானாக இறங்க வைப்பது முறையல்ல.

பொதிகைக்கு அந்தப் பக்கம்

பொதிகை மலைக்கு மேற்கே கேரளம். அங்கேயும் அரசு பஸ் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. சம்பளத்துக்கே அங்கே தடுமாற்றம் வந்ததுண்டு. ஆனாலும் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்.

2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கொல்லயில் பஞ்சாயத்தில் ‘கிராம வண்டி’ என்று ஒரு பஸ் கிளம்பியது. ஏற்பாடு சுலபமானது. பஸ்ஸும் டிரைவரும் கண்டக்டரும் கேரள அரசு போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு பஞ்சாயத்தின் பொறுப்பு. பஸ் எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும், எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்பதைப் பஞ்சாயத்து சொல்லலாம். காசு கொடுக்கிறவருக்குக் கேட்கிற உரிமையும் வந்துவிட்டது!

இரண்டு பைகளின் வாயையும் அவிழ்த்து ஒரே பஸ்ஸுக்குப் பணம் போட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு ஆபீசுகள் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருந்தது.

இங்கே அப்படியே செய்யலாமா? கையில் காசில்லாத சின்னப் பஞ்சாயத்திடம் டீசலுக்குப் பணம் கேட்டால் அது எங்கே போகும்? தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்குமே திண்டாட்டம். கேரளத்தில் பஞ்சாயத்துக்குக் கிடைக்கிற பணமும் அதிகாரமும் இங்கே கிடைப்பதைவிட அதிகம். ஆகவே அந்தச் சட்டையை அப்படியே எடுத்து இந்தப் பிள்ளைக்குப் போட முடியாது. கொஞ்சம் வெட்டித் தைக்கவேண்டும்.

செக்போஸ்டில் விழும் பணம்

மணிமுத்தாற்றில் பணமே விழாத இடம் என்று சொல்வதற்கில்லை. மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் செக்போஸ்டில் வன இலாகா கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணம் காட்டைப் பார்க்கும் செலவுக்கு என்பார்கள். சரி. காருக்குப் பின் காராகப் பத்து வண்டிகள் புகை விட்டுக்கொண்டு புலிக் காட்டுக்குள் போவது நல்லதா, அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் போவது நல்லதா? பஸ்தான் நல்லது என்று வன இலாகாவே ஒப்புக்கொள்ளும். அப்படியானால் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பஸ்ஸின் டீசலுக்குக் கொடுப்பதும் காட்டைக் காக்கும் செலவில் சேர்ந்ததுதான். பஸ்ஸில் சுற்றுலாக்காரர்கள் ஏறினால் கழகத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் நடையை வெட்டச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள்.

விதியைக் கொஞ்சம் மாற்றவேண்டியிருக்கும். வன இலாகா, போக்குவரத்து இலாகா, உள்ளூராட்சி மூன்றையும் கூப்பிட்டு உட்காரவைக்க ஒருவர் வேண்டும். ஜில்லா கலெக்டருக்கு அந்த அதிகாரம் உண்டு. கூட்டம் போட ஒரு நாள் போதும். எந்த இலாகா எவ்வளவு என்று எழுத ஒரு தாள் போதும்.

குத்தகை 2028 வரைதானே, அதற்குள் எதற்கு இந்தப் பாடு என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவரை ஒரு நாள் காலையில் செக்போஸ்டுக்கு அழைத்து வரலாம். அரிசி மூட்டையோடு ஆச்சி அங்கே நின்றுகொண்டிருப்பாள். பதிலை அவளிடமே சொல்லட்டும்.